வாள் வருவதற்கு முந்திய மாதங்கள்

வாள்வெட்டு என்பது யாழ்ப்பாணத்துச் செய்தி என்றே வன்னிச் சனம் நெடுங்காலம் நினைத்திருந்தது. 2023 யூலை 23இல் வவுனியா தோணிக்கல்லில் அந்த நினைப்புக்கு முடிவு வந்தது. பிறந்தநாள் கொண்டாட்டம் நடந்த ஒரு வீட்டுக்குள் முகத்தை மறைத்தவர்கள் வாள்களோடு புகுந்தார்கள், அங்கிருந்தவர்களை வெட்டினார்கள், வீட்டுக்குத் தீ வைத்தார்கள். இளம் பெண் ஒருவர் இறந்தார். சில நாள்களில் அவருடைய கணவரும் வைத்தியசாலையில் இறந்தார். இனி எந்த ஊர்ப் பெயரோடும் இப்படியொரு செய்தி வரலாம் என்றாகிவிட்டது. மல்லாவி போன்ற சின்னப் பட்டினங்கள் இன்னமும் ‘அது ரவுணுக்குரிய வருத்தம்’ என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

தெற்கில் இதற்கு வேறு முகம். 2025 பெப்ரவரி 19இல் கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்குள்ளேயே பாதாளக் குழுத் தலைவர் கணேமுல்ல சஞ்சீவ சுட்டுக் கொல்லப்பட்டார். ஒக்ரோபர் 22இல் வெலிகம பிரதேச சபைத் தவிசாளர் தன் அலுவலகத்திலேயே சுடப்பட்டு இறந்தார். அந்த மாதம் முடிவதற்குள் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க ‘முழு நாடும் ஒன்றாக’ என்ற போதைப்பொருள் ஒழிப்புத் திட்டத்தைத் தொடக்கி வைத்தார். பாதாளக் குழு, போதைப்பொருள், துப்பாக்கி மூன்றையும் ஒன்றாகப் பிடுங்கிவிடலாம் என்பது அரசாங்கத்தின் கணக்கு.

கொழும்பைப் பார்த்துப் போட்ட கணக்கு அது. வன்னியில் துப்பாக்கி அரிது. இங்கே வெட்டியவரும் வெட்டுப்பட்டவரும் பல வேளை ஒரே பாடசாலையில் படித்தவர்கள். ஒருவர் வீட்டுக்கு மற்றவருக்கு வழி தெரியும். காரணம் கேட்டால் கடன், காதல், காணி எல்லை, மண் ஏற்றிய இடத்தில் வந்த தகராறு, முகநூலில் போட்ட ஒரு சொல் என்று சின்னச் சின்னதாகவே வரும். அந்தச் சின்ன விசயம் வாளாக மாற மாதக் கணக்கில் எடுக்கிறது. தடுக்கக்கூடிய காலம் அதுதான். நாமோ, வெட்டு நடந்த பிறகு வருகிற ஜீப்பையும் சுற்றிவளைப்பையும் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம்.

பட்டினம் வந்தது, காவல் வரவில்லை

மாங்குளச் சந்தியில் ஏ9 வீதியை விட்டு மேற்கே திரும்பினால் இருபது கிலோமீற்றருக்குள் மல்லாவி. அந்தப் பாதையிலேயே தொடர்ந்து போனால் வெள்ளாங்குளத்தில் மன்னார் – பூநகரி வீதிக்கு ஏறலாம். வவுனிக்குளத்துத் தண்ணீரை நம்பிய வயல்கள், யோகபுரம் போன்ற குடியேற்றங்கள், நடுவில் ஒரு கடைத்தெரு.

1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்தபோதும், அடுத்த ஆண்டு கிளிநொச்சி விழுந்தபோதும் சனம் வந்து ஒதுங்கிய இடங்களில் இதுவும் ஒன்று. சில ஆண்டுகள் வன்னியின் தலைப்பட்டினம் போலவே இயங்கியது. 2000 நவம்பர் 1இல் நோர்வேயின் சமாதானத் தூதர் எரிக் சொல்ஹெய்ம் புலிகளின் தலைவரைச் சந்தித்ததும் மல்லாவியில்தான். 2008 செப்ரெம்பரில் ஊர் இராணுவத்தின் கைக்குப் போனது. முள்ளிவாய்க்காலையும் மெனிக் பாம் முகாமையும் கடந்து மிஞ்சியவர்கள் 2009 இறுதியில் இருந்து, மல்லாவி அடங்கிய துணுக்காய்ப் பக்கம் திரும்பத் தொடங்கினார்கள்.

அதன்பிறகு வங்கிகள் வந்தன. லீசிங் கம்பனிக்காரர் வந்தார்கள். நுண்கடன்காரர் வாரத்துக்கு ஒருநாள் வீட்டு வாசலுக்கே வந்தார்கள். மோட்டார் சைக்கிளும் கைத்தொலைபேசியும் வீடுதோறும் வந்தன. ஒரு பட்டினத்துக்குரிய பணப்புழக்கமும் முகம் தெரியாத நடமாட்டமும் வந்துவிட்டன. பட்டினத்துக்குரிய காவலும் வசதியும் மட்டும் பின்னுக்கு நின்றுவிட்டன. மாவட்டச் செயலகம் அறுபது கிலோமீற்றருக்கு அப்பால் முல்லைத்தீவில். பொழுதுபட்டால் பஸ் குறைவு. தெருவிளக்கின் வெளிச்சம் சந்தியை விட்டுத் தள்ளிப் போவதில்லை. சந்திக்கும் வீட்டுக்கும் நடுவில் வயலும் பற்றைக்காடும்.

இதன் விலையைக் கொடுப்பவர்கள் சாதாரண ஆட்கள். ரியூசன் முடிந்து சைக்கிளில் வரும் மகளைக் கூட்டிவரத் தகப்பன் வயல் வேலையைப் பாதியில் விட்டுவிட்டுப் போகவேண்டியிருக்கிறது. ஏழு மணிக்கே கடையைச் சாத்துபவர் இரண்டு மணி நேர வியாபாரத்தை இழக்கிறார். இரவில் கூப்பிட்டால் ஓட்டோக்காரர் ஆள் யார், எந்த ஊர் என்று விசாரித்த பிறகுதான் வண்டியை எடுக்கிறார். வயதுபோன தாய்க்கு நெஞ்சுநோவு வந்து 1990 அம்புலன்ஸுக்கு அடித்துவிட்டுக் காத்திருக்கும் வீட்டில், வாசல் லைற்றைப் போடுவதா விடுவதா என்று யோசிக்கிறார்கள். வெட்டுப்பட்டவர்களின் எண்ணிக்கை பத்திரிகையில் வரும். இந்த இழப்புகள் எங்கும் வருவதில்லை.

ஒரு பெடியன் வாளுக்குப் போகும் வழி

இதில் இரகசியம் ஒன்றும் இல்லை. எந்தத் தேநீர்க்கடையில் கேட்டாலும் சொல்வார்கள்.

முதலில் பாடசாலை நிற்கிறது. சாதாரண தரத்துக்கு முன்னோ, பரீட்சை சரிவராமல் போன பின்னோ நிற்கிறது. இன்று பதினாறுக்கும் இருபத்தொன்றுக்கும் இடையில் இருப்பவர்கள் பதுங்குகுழிக்குள்ளும் மெனிக் பாம் கூடாரத்திலும் தவழ்ந்தவர்கள். சிலரின் தகப்பன் இறந்துவிட்டார். சிலரின் தகப்பன் காணாமல் ஆக்கப்பட்டோர் பட்டியலில். தாய் கூலி வேலைக்கும் கடன் தவணைக்கும் நடுவில் ஓடுகிறார். ஆனால் போரைக் காரணமாகச் சொல்லிவிட்டு அதோடு நிறுத்திக்கொள்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அதே கூடாரத்தில் வளர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் வயலுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் கடைக்கும் கட்டுமான வேலைக்கும் போயிருக்கிறார்கள். பெடியன் பாடசாலைக்கு வரவில்லை என்று மூன்றாம் நாளே வீட்டுக்கு வந்து கேட்க ஓர் ஆசிரியர், ஒரு பெரியப்பா, ஒரு சபைப் போதகர் இருந்தாரா இல்லையா என்பதில்தான் பல வாழ்க்கைகள் பிரிந்தன.

நின்றவனுக்குக் கையில் காசு வேண்டும். பகலில் கூலி வேலைக்குக் கிடைப்பதைவிட இரவில் கள்ளமண் ஏற்றக் கிடைப்பது கூட. பாலியாறும் வாய்க்கால் கரைகளும் கிட்டவே இருக்கின்றன. மண் வேலை சம்பளத்தோடு இன்னும் இரண்டைச் சேர்த்துக் கொடுக்கிறது: பகை, பழக்கம். யார் பொலிஸுக்குச் சொன்னது, யார் இடத்தில் யார் ஏற்றியது என்று பகை வரும். விடிய விடிய முழித்திருக்க எதையாவது போடும் பழக்கம் வரும்.

அந்த ‘எதையாவது’ முன்பு கசிப்பாகவும் கஞ்சாவாகவும் இருந்தது. இப்போது ஐஸ். பசியும் நித்திரையும் தெரியாது, பயமும் தெரியாது. தொடர்ந்து எடுத்தால் சந்தேகம் பெருகும். எல்லோரும் தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்று தோன்றும். சின்ன வாக்குவாதத்தில் வாளைத் தூக்க இதைவிட ஏற்ற மனநிலை வேறில்லை. 2022இல் திருத்தப்பட்ட சட்டப்படி ஐந்து கிராம் அல்லது அதற்கு மேல் ஐஸ் வைத்திருந்தால் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை. ஊர்களில் பிடிபடும் பெடியன்களின் பொக்கற்றில் இருப்பதோ பெரும்பாலும் மில்லிகிராம் கணக்கு. கிலோக் கணக்கில் இறக்குபவரின் முகம் மல்லாவிக்குத் தெரியாது.

பழக்கம் வந்தால் கடன் வரும். வங்கி கொடுக்காது, மீற்றர் வட்டிக்காரர் கொடுப்பார். நாள் கணக்கில் ஓடும் வட்டிக்குப் பத்திரமும் இல்லை, வழக்கும் இல்லை. அதனால் அறவிடப் போவது ஆள்தான். நேற்றுக் கடன்பட்டவனே இன்று இன்னொருவரிடம் அறவிட அனுப்பப்படுகிறான். தவணை கட்டாத மோட்டார் சைக்கிள், இலக்கத்தகட்டை மடித்துவிட்டால் அதற்கும் உதவும்.

வாளை எடுத்துக்கொடுப்பது கடைசிப் படி. பட்டறையில் இரும்புத் தகட்டை அடித்தால் ஒரு பகலில் வாள். அதைப் பிடித்தபடி ரிக்ரொக்கில் ஒரு காணொளி, வாளால் பிறந்தநாள் கேக் வெட்டும் ஒரு படம். இதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறவர்களும் ‘லைக்’ போடுகிறவர்களும் ஊரில் உள்ள நாமேதான்.

கடல் கடந்து வரும் கூலி

சில வாள்வெட்டுகளுக்குக் காசு வெளிநாட்டில் இருந்து வந்தது என்று பொலிஸார் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். அங்கே வந்த குடும்பப் பகை, கொடுக்கல் வாங்கல், குலைந்த கலியாணம். இங்கே உறவினர் வீட்டு வேலி எரிகிறது. பகையும் பணமும் எதிர்ப்பக்கமாகவும் பயணிக்கின்றன. 2022 செப்ரெம்பரில் பாரிஸின் புறநகரான லா கூர்நெவ்வில் தமிழர் ஒருவர் வாள்களால் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்தக் கொலையில் தேடப்பட்ட ஒருவர் 2024இல் ரொறன்ரோவில் கைதானார். யாழ்ப்பாணத்து வாள்வெட்டுக் குழுவான ஆவா குழுவின் பெயர் பிரான்சிலும் கனடாவிலும் பத்திரிகைத் தலைப்பானது.

ரொறன்ரோவுக்கு இது புதிதும் அல்ல. 1990களில் அங்கே இரண்டு தமிழ்க் குழுக்கள் தெருவில் சுட்டுக்கொண்டன. குழுவுக்குச் சம்பந்தமில்லாத மாணவர்களும் இறந்தார்கள். 2001 ஒக்ரோபரில் பெரிய அளவில் கைதுகள் நடந்தன. ஆனால் அதற்கு முன்பே, 1998இல், கான்ரிட் என்று சுருக்கி அழைக்கப்படும் தமிழ் இளைஞர் நிலையத்தை அங்குள்ள இளையோர் தொடங்கிவிட்டார்கள். பாடசாலைக்குப் பிறகு பிள்ளைகள் இருக்க ஓர் இடம், விளையாட்டு, பாடம் சொல்லிக்கொடுக்க இரண்டு வயது மூத்த அண்ணா அக்கா. பணமும் படிப்பும் உள்ள கனடாவில் தேவைப்பட்டது துணுக்காயில் தேவைப்படாதா?

வீட்டுக்குள் விழும் அடி

‘வன்முறை’ என்று நாம் பேசுவது தெருவில் நடப்பதை மட்டுமே. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய ஆய்வின்படி, துணையோடு வாழ்ந்த இலங்கைப் பெண்களில் ஐந்தில் ஒருவர் அந்தத் துணையிடமே உடல் வன்முறையையோ பாலியல் வன்முறையையோ அனுபவித்தவர். வாளோடு வருபவனுக்குப் பயந்து கதவைப் பூட்டும் ஊரில், பூட்டிய கதவுக்கு உள்ளே இருப்பவருக்கு ஆபத்து எந்தப் பக்கம் என்று கேட்க ஆள் இல்லை. அடி விழுவதைப் பார்த்து வளரும் பிள்ளை, சண்டை என்றால் இப்படித்தான் முடியும் என்று படித்துக்கொள்கிறது.

முறைப்பாடு ஏன் போவதில்லை

2016 ஒக்ரோபரில் யாழ். குளப்பிட்டியில் இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள் பொலிஸ் சூட்டில் இறந்தார்கள். முதலில் விபத்து என்றே சொல்லப்பட்டது. சில நாள்களில் சுன்னாகத்தில் இரண்டு பொலிஸ் புலனாய்வாளர்கள் வெட்டப்பட்டார்கள். ஆவா குழுவின் பெயரில் துண்டுப்பிரசுரம் வந்தது. அடுத்த மாதம் அமைச்சரவைப் பேச்சாளர் ராஜித சேனாரத்ன, அந்தக் குழுவையே கோத்தாபய ராஜபக்ச ஓர் இராணுவ அதிகாரி வழியாக உருவாக்கினார் என்றார், கோத்தாபய மறுத்தார். 2023 நவம்பரில் வட்டுக்கோட்டைப் பொலிஸார் கைதுசெய்த சித்தங்கேணி இளைஞர் ஒருவர் தடுப்பில் இருந்தபோது இறந்தார். 2024 மார்ச்சில் பொன்னாலையில் கடற்படை முகாமுக்குக் கிட்ட ஒதுங்கிய கணவனும் மனைவியும் கடத்தப்பட்டார்கள். கணவன் வெட்டுக்காயங்களோடு இறந்தார். 2025 ஓகஸ்டில் நம் மாவட்டத்திலேயே, முத்தையன்கட்டு இராணுவ முகாமுக்குப் போனதாகச் சொல்லப்பட்ட இளைஞர் குளத்தில் சடலமாக மீட்கப்பட்டார். அதைக் கண்டித்து வடக்கு கிழக்கில் கதவடைப்பு நடந்தது.

இத்தனையையும் பார்த்த சனத்திடம் ‘தகவல் தாருங்கள்’ என்றால் தருமா? தகவல் கொடுத்தவர் பெயர் மறுநாளே மண்காரருக்குத் தெரிந்துவிடும் என்ற பயம் ஒருபுறம். முறைப்பாட்டைத் தமிழில் சொல்ல, சிங்களத்தில் எழுதப்பட்டதில் கையெழுத்து வைக்கும் நிலை மறுபுறம். 2017இல் அடையாளம் கொள்கை ஆய்வு நிலையமும் பேர்ள் அமைப்பும் வெளியிட்ட அறிக்கை, முல்லைத்தீவு மாவட்டத்தில் இரண்டு பொதுமக்களுக்கு ஒரு படையாள் என்று மதிப்பிட்டது. இவ்வளவு சோதனைச்சாவடியையும் தாண்டி மண்ணும் தூளும் எப்படிப் போகின்றன என்ற கேள்விக்கு இதுவரை ஒருவரும் மக்களுக்குப் பதில் சொல்லவில்லை.

புலிகளின் காலத்தை நினைத்து, ‘அந்தக் காலத்தில் இப்படி நடக்குமா?’ என்ற பெருமூச்சும் மல்லாவியில் அடிக்கடி கேட்கிறது. நடக்கவில்லை என்பது உண்மைதான். பயம் அப்போதும் இருந்தது. ஒரே இடத்தில் இருந்து வந்தது, அவ்வளவுதான். பதினேழு வயதுப் பிள்ளைக்குத் துவக்கின் ஒழுங்கை மட்டும் நினைவுச்சின்னமாகக் காட்டினால், அவன் கையில் ஒரு வாளை எடுத்துப் பார்க்கத்தான் செய்வான்.

கைதுகளாலும் இது தீரவில்லை. 2023 டிசம்பரில் தொடங்கிய ‘யுக்திய’ என்ற போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கையில் சில வாரங்களிலேயே பல்லாயிரக்கணக்கானோர் பிடிக்கப்பட்டார்கள், ஐ.நா. நிபுணர்கள் கண்டித்தார்கள், ஐஸ் தீர்ந்துபோகவில்லை. பொலன்னறுவை கந்தகாடு புனர்வாழ்வு நிலையத்தில் 2022 யூனில் ஒருவர் அடித்துக் கொல்லப்பட, நூற்றுக்கணக்கானோர் தப்பி ஓடினார்கள். அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் பழைய சிகிச்சை நிலையங்கள் தலங்கமவிலும் நிட்டம்புவவிலும் பேராதனையிலும் காலியிலும். மகனைக் கூட்டிக்கொண்டு, மொழி தெரியாத ஊருக்கு இரண்டு பஸ் மாறிப் போகும் தாயை நினைத்துப் பாருங்கள்.

இங்கேயே செய்யக்கூடியவை

மல்லாவி ஆதார வைத்தியசாலையில் இருந்து தொடங்கலாம். வேல்ஸின் கார்டிஃப் நகரில் ஜொனதன் ஷெப்பர்ட் என்ற முகத்தாடைச் சத்திரசிகிச்சை நிபுணர், தான் தைத்த வெட்டுக்காயங்களில் பெரும்பகுதி பொலிஸ் பதிவில் இல்லவே இல்லை என்று கண்டார். பெயர் இல்லாமல் மூன்றே விபரம் குறிக்கச் செய்தார்: எங்கே, எத்தனை மணிக்கு, எதனால். அதை வைத்து ரோந்தும் மதுச்சாலை விதிகளும் மாற்றப்பட்டன. வன்முறைக் காயத்தோடு வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுவோர் தொகை, ஒத்த நகரங்களோடு ஒப்பிட்டால் 42 வீதம் குறைந்தது என்று 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. நம் வைத்தியசாலையிலும் ‘விழுந்திட்டன்’, ‘கத்தி தவறிப் பட்டது’ என்று சொல்லி எத்தனை பேர் தைத்துக்கொண்டு போகிறார்கள் என்று தாதியருக்குத் தெரியும்.

ஆனால் கார்டிஃபில் போல அந்தப் பதிவைப் பொலிஸிடம் நேரே கொடுக்க நான் சம்மதிக்க மாட்டேன். வன்னியில் கொடுத்த விபரம் புலனாய்வின் கோப்பில் போய் இருக்கும். பெயரில்லாத மாதத் தொகுப்பாகச் சுகாதார வைத்திய அதிகாரி ஊடாகப் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவுக்குப் போகட்டும். எந்தச் சந்தி, எந்த நேரம் என்று அங்கே பகிரங்கமாகப் பேசட்டும்.

கிளாஸ்கோவில் 2015 முதல் வேறொன்று செய்கிறார்கள். கத்திக்குத்தோடு வந்தவரின் கட்டிலுக்குப் பக்கத்தில், பொலிஸ் அல்லாத ஒருவர் போய் உட்கார்ந்து, அடுத்து என்ன செய்யப்போகிறாய் என்று கேட்கிறார். பழிவாங்கும் யோசனை அந்த இரவில்தான் முளைக்கிறது. பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தர் ஒருவரை வைத்தியசாலைக்கு இரவு அழைப்பில் போகச் செய்ய, கட்டடமும் புதுச் சட்டமும் தேவையில்லை. சில வைத்தியசாலைகளில் உள்ள ‘நட்பு நிலையம்’ வீட்டு வன்முறைக்கு ஆளான பெண்களைக் கவனிப்பதுபோல இதுவும் இயங்கலாம்.

துணுக்காய் கல்வி வலயம் ஒவ்வொரு தவணையிலும் இடைவிலகியோர் பட்டியலைக் கிராம அலுவலரிடம் கொடுக்கவேண்டும். இரண்டு வாரத்துக்குள் யாராவது அந்த வீட்டுக்குப் போயிருக்கவேண்டும். பட்டியல் எடுப்பது எளிது. போவதுதான் வேலை, அதற்குப் பெற்றோல் காசு ஒதுக்காமல் அறிக்கை மட்டும் கேட்டால் நடக்காது.

சின்னத் தகராறுகளுக்கு மத்தியஸ்த சபை இருக்கிறது, 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி. இளைப்பாறிய அதிபர்கள் நேர்மையாகவே இருந்து பேசுகிறார்கள். ஆனால் முகநூல் சண்டையோடு ஓர் இருபது வயதுக்காரன் அங்கே போவதில்லை. விளையாட்டுக்கழகத் தலைவர்கள், இளம் பெண்கள் சிலரை அடுத்த நியமனத்தில் சேர்த்தால் போகக்கூடும்.

பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டைத் தமிழில் எழுதித் தரக் கேளுங்கள். அது உரிமை; சலுகை அல்ல. தமிழ் தெரிந்த பெண் உத்தியோகத்தர் இரவிலும் கடமையில் இருக்கவேண்டும் என்று பிரதேச சபை தீர்மானம் போடலாம். சாட்சிகளைப் பாதுகாக்க 2023இல் 10ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. அதை எப்படிக் கேட்டுப் பெறுவது என்று முல்லைத்தீவுச் சட்டத்தரணிகள் மல்லாவிக்கு ஒரு சனிக்கிழமை வந்து சொல்லிக்கொடுத்தால் நல்லது.

துணுக்காய் பிரதேச சபைக்கு 2025 மே தேர்தலில் புது உறுப்பினர்கள் வந்திருக்கிறார்கள். அவர்களிடம் பெரிய திட்டம் கேட்கத் தேவையில்லை. ரியூசன் முடிந்து பிள்ளைகள் வரும் தெருக்களுக்கு முதலில் விளக்குப் போடட்டும். மாங்குளத்தில் இருந்து வரும் கடைசி பஸ்ஸை ஒரு மணி நேரம் பிந்தி விடச் சொல்லி இ.போ.ச.வுக்கும் தனியார் சங்கத்துக்கும் எழுதட்டும்.

வெளிநாட்டில் உள்ள பழைய மாணவர் சங்கங்கள் நினைவு வளைவும் மேடையும் கட்டித் தருகின்றன; நல்லது. அடுத்த முறை கட்டடத்துக்குப் பதிலாக இரண்டு சம்பளம் அனுப்புங்கள்: பாடசாலை விட்டதில் இருந்து இரவு எட்டு மணிவரை விளையாட்டுத் திடலில் நிற்கும் ஒரு பயிற்றுநருக்கும், நின்றுபோன பிள்ளைகளை மோட்டார் திருத்தவும் வயரிங் பழகவும் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஓர் இளைஞருக்கும், மூன்று ஆண்டுகளுக்கு, மாதம் தவறாமல்.